பெயர் சொன்னால் வேலை

கொடைக்கானலில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டல். அங்கே பதினோரு வருஷமாகப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். மனைவி இறந்தபின் ஊரைவிட்டு வந்தவர். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறையில் தனியாகத் தங்கி, தனியாகச் சாப்பிட்டார். எல்லோருக்கும் அவர் வெறும் ‘போர்ட்டர்’தான்.

ரிசப்ஷனில் ஓர் இடம் காலியானது. சம்பளம் இரண்டு மடங்கு. அவர் முதலாளி வரதராஜுலுவிடம் போய் அந்த வேலையைக் கேட்டார்.

ஹால் நிறைய ஆட்கள். முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

“ரிசப்ஷன்ல நிக்கிறவனை நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும்யா. இங்க யாராவது ஒருத்தர் உன் பேரைச் சொல்லட்டும், இப்பவே வேலை தர்றேன்.”

போர்ட்டர் சுற்றிலும் பார்த்தார். அன்று காலை அவர் யாருடைய பெட்டியைச் சுமந்தாரோ அவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“இவங்க ரெண்டு நாள் தங்கிட்டுப் போறவங்க, முதலாளி. இவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் அவர் பணிவாக. “நீங்க பதினோரு வருஷமா என்னைப் பாக்குறீங்க. நீங்களே சொல்லிடுங்க, போதும்.”

முதலாளி வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். சோபாவில் இருந்த ஒரு பெண்மணி பக்கென்று சிரித்துவிட்டார்.

“சரி சரி, நாளையிலேர்ந்து ரிசப்ஷனுக்கு வா” என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போய்விட்டார்.

மேனேஜர் உத்தரவு எழுத உட்கார்ந்தார். “பேரு?”

“ஞானப்பிரகாசம்.”

மனைவி போனபின் அந்தப் பெயர் அவர் காதில் விழுவது அதுதான் முதல் தடவை.

“சரியாக் கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

அவர் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.