தொட்டியில் சுற்றிய எலி

"இந்த எலிக்கு மட்டும் மருந்து வேலை செய்யலை மேடம்," என்றார் ஞானதிரவியம்.

பேராசிரியர் உமையாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்படியா?"

"நேத்து வரைக்கும் நேராப் போய் ஏறிச்சு. இன்னைக்கு எல்லாத்தையும் மறந்துட்டுத் திரியுது."

திரவியம் உயிரியல் வாத்தியார். தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டி உமையாள் வயதில் அவருக்குச் சின்னவர். இருந்தால் என்ன, குரு குருதானே.

அந்த ஆய்வுக்கூடத்தில் நடக்கிற சங்கதி இவ்வளவுதான். ஒரு பெரிய தொட்டியில் பால்பவுடர் கலந்து வெளுத்த தண்ணீர். அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் முழுகிக் கிடக்கும் ஒரு சின்ன மேடை. நீந்தவிட்ட எலி, சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்துக்கொண்டு அந்த மேடையைத் தேடிப்பிடித்து ஏற வேண்டும்.

மூளையில் அசிட்டைல்கோலின் என்று ஒரு ரசாயனம் உண்டு. ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்ல உதவுவது. அதை அடக்கினால் எலிக்கு இடம் மறந்துபோகும். பெருக்கினால் ஞாபகம் திரும்பும்.

அந்தப் பெருக்குகிற மருந்தின் மேல்தான் திரவியத்துக்குக் கண்.

"ஜெயசீலிக்கு அந்த மருந்தைக் கேட்டிருந்தேனே மேடம்."

ஜெயசீலி அவர் மனைவி. ஒரே மகள் பெனிட்டா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வருஷமாகிவிட்டது. தாய்க்காரியோ இன்னும் சாயங்காலமானால் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கிறாள், பிள்ளையைக் கூட்டிவர. ஊர் சிரிக்கிறதே என்று திரவியம் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். கதவைத் தட்டித் தட்டி அவள் கை வீங்கிப்போனது. பெற்ற வயிறு, பாவம், வேறென்ன செய்யும்?

"பிள்ளை செத்ததே அவளுக்கு மறந்துபோச்சு. மூளையில என்னமோ குறையுது. கொஞ்சம் குடுங்க மேடம், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

உமையாள் எழுந்து தொட்டியருகே வந்தார்.

"எலி எங்கே நீந்துது, சார்?"

"மேடை இருக்கிற இடத்துலதான். அங்கயே சுத்திச் சுத்தி வருது. ஏறத்தான் மாட்டேங்குது."

"கையை விட்டுப் பாருங்க."

திரவியம் முழங்கை நனையத் துழாவினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை.

"மேடம், மேடையைக் காணோமே!"

"காலையில நான்தான் எடுத்தேன்."

எலி அவர் கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது.

"சொல்லுங்க சார். இதுக்கு மறந்துபோச்சா?"

திரவியம் தண்ணீரிலிருந்து கையை மெல்ல எடுத்தார்.

"தூக்குங்க அதை. களைச்சுப்போச்சு."

வழக்கம்போல் எலியைத் துண்டில் ஏந்தித் துடைத்தார். அது வெடவெடவென்று நடுங்கியது. தினமும் நடுங்குகிற எலிதான். இன்று அவருக்குத் தாங்க முடியவில்லை. துண்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார்.

உமையாள் மருந்து அலமாரிப் பக்கம் போகவில்லை. எலியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் விடுற நேரமாச்சு, சார்."

திரவியம் வீட்டுக்கு ஓடினார். பூட்டைத் திறந்தார். கதவுக்குப் பின்னாலேயே ஜெயசீலி செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"வா, போவோம்," என்றார்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஒரே கூச்சலாக வெளியே வந்தார்கள். பெனிட்டா படித்த காலத்தில் ஒருநாள்கூட அவர் இங்கே வந்து நின்றதில்லை. எப்போதும் ஜெயசீலிதான்.

"எந்தப் பக்கமா வருவா?"

அவள் வீங்கிய கையை நீட்டிச் சைக்கிள் கொட்டகைப் பக்கம் காட்டினாள். இரண்டு பேருமாக அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசிப் பிள்ளையும் போயிற்று. வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார்.

"அவ வரமாட்டான்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் ஜெயசீலி.

திரவியம் திடுக்கிட்டுத் திரும்பினார். "பொறவு எதுக்கு இங்க வாரே?"

"வேற எங்க போயித் தேடச் சொல்லுதிய?"