பழைய கம்ப்யூட்டருக்குத் தெரியாமல்

சங்கரன்கோவில் திருமணத் தகவல் மையத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குள் ஆயிரத்து நூறு ஜாதகங்கள். மேலாளர் கோமதிநாயகத்தின் மகள் ஜாதகமும் அதில்தான் இருந்தது. அவளுக்கு ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. நான்காவது இடத்துக்காரர்கள் பதினோரு மணிக்கு வருவதாக இருந்த அன்று காலையில் கம்ப்யூட்டர் புகைந்து அணைந்தது.

மெக்கானிக் வந்தான். பழையதன் டிஸ்க்கை மட்டும் கழற்றி, நல்ல நாள் பார்த்துத் திறப்பதற்காக உறையோடு வைத்திருந்த புதியதில் மாட்டினான். புதிய திரையின் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. அதற்குள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து நின்றது.

"எப்படித் தம்பி?"

"அதுக்கு எதுவும் தெரியாது சார். இன்னும் பழைய பெட்டிக்குள்ளதான் இருக்கோம்னு நெனச்சுக்கிட்டிருக்கு. அதான் ஓடுது."

அவன் பைக்கில் போய்விட்டான். கோமதிநாயகம் மற்ற இருவரையும் வாசலுக்கு அழைத்தார்.

"தெரிஞ்சிட்டா என்ன ஆகும் அண்ணாச்சி?" என்றாள் டைப்பிஸ்ட் பேச்சியம்மாள்.

"நின்னுரும்."

உள்ளே இனி ரகசியக் குரலில்தான் பேசுவது என்று முடிவாயிற்று. பழையது ஓடும்போது மாவு மில் மாதிரிச் சத்தம் வரும். புதியது சத்தமே போடவில்லை. ஆகவே ப்யூன் சுடலைமுத்து மேசைக்கு அடியில் உட்கார்ந்து வாயால் 'ர்ர்ர்' என்று ஓட்டினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சியம்மாள் வழக்கப்படி அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

திரையில் ஒரு வரி வந்தது: புதிய சாதனங்கள் கண்டறியப்பட்டன.

"கண்டுபிடிச்சிருச்சு!" கோமதிநாயகத்துக்கு வியர்த்தது.

"அதுக்குச் சந்தேகம்தான் அண்ணாச்சி. முழுசாத் தெரியல."

"இல்லவே இல்லன்னு சொல்லிரு."

"பொய்யா? மக கல்யாண விஷயத்துலயா?" என்றார் சுடலைமுத்து. அந்த நேரத்துக்குச் சத்தம் நின்றது.

"நீ ஓட்டுய்யா!"

"'பிறகு'ன்னு ஒரு பட்டன் இருக்கு" என்றாள் பேச்சியம்மாள்.

அதை அமுக்கினார்கள். நம்பிவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா வன்னியராஜ் வந்தார். பிரிண்டரும் புதுசு என்பதால் கோமதிநாயகம் மகள் ஜாதகத்தைத் திரையைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுத்தார்.

"எதுக்கு எல்லாரும் கிசுகிசுன்னு பேசுதீக? அடியில யாரு?"

அவரையும் வாசலுக்கு அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார்கள். வன்னியராஜ் வாசலிலிருந்தே மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். நான்காவதும் போயிற்று என்று கோமதிநாயகம் நினைத்துக்கொண்டார்.

"தெரியாததுனாலதான் ஓடுதுங்கீக?"

"ஆமா அண்ணாச்சி."

"எங்க பயலும் இதே ரகந்தான். கல்யாணம்னு தெரிஞ்சா நின்னுருவான். இத்தன வருசமா இந்த வழி தோணலையே!"

ஐந்தே நிமிடத்தில் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டுப் பத்திரிகை அடித்தார்கள். முதல் பத்திரிகையை மாப்பிள்ளைக்கே வைத்து, குடும்பத்தோடு அவசியம் வந்து நடத்தித் தரவேண்டும் என்று கோமதிநாயகம் கைகூப்பி அழைத்தார்.

மாப்பிள்ளை தேதியைப் பார்த்தார். லீவு கிடைத்தால் வருகிறேன் என்றார்.