அக்கரைக்குப் பூட்டு

ஃபிளாப்பிகள் தபாலில் வந்துபோன காலம் அது. திருச்சியில் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்துக்கு வாரத்தில் பத்துப் பதினைந்து உறைகள் வரும். உள்ளே ஒரு வெற்று ஃபிளாப்பி, தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை, ஒரு துண்டுச் சீட்டு. ‘அக்கரை ஒரு பிரதி வேண்டும்’ என்று சீட்டில் எழுதியிருக்கும். பாதிப் பேர் ‘அக்கறை’ என்றே எழுதுவார்கள். கூடத்தை நடத்திவந்த மொகிதீன் சார் யாரையும் திருத்தியதில்லை.

அக்கரை அவர் எழுதிய மென்பொருள். மேசைமேல் இருக்கும் சின்னக் கணினியில் ஒரு மோடத்தை மாட்டி அதை ஓடவிட்டால், தொலைபேசிக் கம்பி வழியே எங்கோ ஓர் ஊரில் இருக்கும் பெரிய கணினியோடு பேசலாம். மோடம் முதலில் கொஞ்சம் கீச்சிடும். பிறகு கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். அதைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து வகுப்புகளிலிருந்து ஆட்கள் வந்து நிற்பார்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் சார் அதைச் சும்மாவே கொடுத்தார். எழுதிய நிரலையும் சேர்த்தே கொடுத்தார். யாரும் அதைத் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மங்கையர்க்கரசி அவரிடம் வந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கோடை விடுமுறைப் பயிற்சிக்கு வந்தவள், திரும்பிப் போகவில்லை. கூடத்திலேயே ஓர் உதவியாளர் வேலையை வாங்கிக்கொண்டு, சாரின் நிரலை வரிவரியாகப் படித்துக் கற்றாள். பிரதி எடுத்து அனுப்பும் வேலையும் அவளிடம் வந்தது.

ஒருமுறை சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போனவள், முகம் வாடித் திரும்பி வந்தாள்.

“சார், ஒரு கம்பெனி அக்கரையைப் பெட்டியில போட்டு விக்குது. பெட்டியில வேற பெயர். திரையிலயும் வேற பெயர்.”

“நம்மதுதானா?”

“நீங்க ஒரு இடத்துல எழுத்துப்பிழை விட்டிருப்பீங்க இல்ல? அதுகூட அப்படியே இருக்கு.”

சார் சிரித்தார். “ஒழுங்கா ஓடுதா?”

“ஓடுது. அதுவா சார் கேள்வி? மூணு வருஷம் உட்கார்ந்து எழுதினீங்க. பெயரையே அழிச்சிட்டாங்க. உங்களுக்கு வலிக்கலையா?”

சார் கையிலிருந்த உறையை ஒட்டி முடித்தார்.

“இது நாகர்கோவிலுக்கு, அரசியம்மா. இன்னிக்குத் தபால்ல சேர்த்திடுங்க.”

அவர் பேச்சை மாற்றியதாகவே அவளுக்குத் தோன்றியது. வெளியே காட்டிக்கொள்ளாமல் நொந்துபோயிருக்கிறார் என்று நினைத்தாள். அவருக்காக யாராவது ஏதாவது செய்ய வேண்டாமா?

அடுத்த பதிப்பு தயாரானபோது அவள் செய்தாள். யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் அக்கரை தொடக்கத்திலேயே நின்றுவிடும்படி உள்ளே ஒரு பூட்டு வைத்தாள். நிரலை ஃபிளாப்பியில் சேர்க்காமல் விட்டாள். சாரிடம் சொல்லவில்லை. அறுபத்திரண்டு பிரதிகள் போயின. ஒவ்வொன்றையும் உறையிலிட்டபோது, கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுப்பதுபோல அவள் மனம் நிறைந்திருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கொல்லிமலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. எழுதியவர் ரெஜினா என்ற நர்ஸ்.

‘எங்களிடம் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் இருப்பார். மற்ற நாட்களில் அக்கரை வழியாகக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியின் நிலையை எழுதுவோம். அங்கிருந்து பதில் வரும். மலையில் போன் லைன் மோசம் என்பதால், பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை ஐந்து நொடியிலிருந்து இருபது நொடியாக நானே மாற்றி வைத்திருந்தேன். எங்கள் கணினி பழுதாகிப் புதுப் பிரதி வாங்கினோம். அதில் மாற்றுவதற்கு நிரல் இல்லை. மென்பொருளிலேயே எண்ணை மாற்றிப் பார்த்தால் ஓடவே மறுக்கிறது. பதினொரு நாளாக லைன் இல்லை. ஐந்து பேரை ஜீப்பில் கீழே இறக்கினோம். எல்லாரும் நலம். அவர்களில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெரியவரை மட்டும், அசைக்காமல் மேலேயே வைத்திருந்திருக்கலாம் என்று கீழே போனபின் சொன்னார்கள். நான் எங்கே தவறு செய்தேன் என்று தயவுசெய்து எழுதவும்.’

சார் படித்துவிட்டு அதை அரசியிடம் நீட்டினார்.

அவள் நின்றபடியே படித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது உட்கார்ந்துவிட்டாள்.

“தப்பு அவங்களோடது இல்ல சார். நான்தான்.” பூட்டு வைத்ததைச் சொன்னாள். ஏன் வைத்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சார் கடிதத்தை மடித்து வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்துக் கொடுத்தார். முழு நிரலும் அதில் இருந்தது.

“தபால்ல போட்டா நாலு நாள் ஆகும். நாமக்கல் போனா மலைக்குப் பஸ் இருக்கு.”

மறுநாள் காலையிலேயே கிளம்பினாள். வளைவுக்கு வளைவு பஸ் மூச்சிரைத்து ஏறியது. இந்த வளைவுகளில் அந்தப் பெரியவரை ஜீப்பில் எப்படிக் கொண்டுபோயிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே வந்தாள்.

ரெஜினாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். “திருச்சியிலிருந்தா? இதுக்காகவா வந்தீங்க?” என்று நம்பாமல் கேட்டாள். அரசி பூட்டைப் பற்றிச் சொன்னாள். ரெஜினா கேட்டுக்கொண்டாள். கோபப்பட நேரமில்லாதவள்போல, “முதல்ல லைன் வரட்டும் சிஸ்டர்” என்றாள்.

நேரத்தை இருபது நொடியாக்கி ஓடவிட்டார்கள். லைன் கிடைக்கவில்லை. மழை வரும்போல இருந்தது. இரண்டாம் முறையும் அறுந்தது. இருபத்தைந்தாக்கினார்கள். உள்ளே ஒரு குழந்தை மூன்று நாள் காய்ச்சலோடு கிடந்தது. அதன் தாய் வாசல்படியில் நின்று இவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது முறை மோடம் கீச்சிட்டது.

“கேட்கவே மறந்துட்டேன், உங்க பெயர் என்ன?” என்றாள் ரெஜினா.

திரையில் முதல் பச்சை எழுத்து வந்தது. இருவரும் குனிந்தார்கள். ரெஜினா சொல்லச் சொல்ல அரசி தட்டினாள்: குழந்தையின் வயது, காய்ச்சலின் அளவு, உடம்பில் எங்கே தடிப்பு. இருபது நிமிடம் கழித்து, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று கீழேயிருந்து எழுத்தெழுத்தாகப் பதில் வந்தது. ரெஜினா அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு உள்ளே ஓடினாள். தாயும் பின்னாலேயே ஓடினாள். கடைசிப் பஸ்ஸுக்கு டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

திருச்சிக்குத் திரும்பிய அரசி மற்ற அறுபத்தொரு பேருக்கும் பூட்டில்லாத பிரதியைத் தானே அனுப்பினாள். ஒவ்வொன்றோடும் தன் தவறைக் கைப்பட எழுதி வைத்தாள். அந்த வேலை முடிய இரண்டு வாரம் ஆனது. முடித்த அன்று மாலை சாரின் முன்னால் வந்து நின்றாள்.

“நீங்க என்னைத் திட்டவே இல்ல சார்.”

“மலை ஏறி இறங்கிட்டீங்களே.”

“அந்தக் கம்பெனி இன்னும் வித்துக்கிட்டுதான் இருக்கு. உங்க பெயர் இன்னும் அதுல இல்ல. எப்படி சார் உங்களால சும்மா இருக்க முடியுது? எனக்கு இப்பவும் புரியல.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தக் குழந்தை எப்படி இருக்கு?”

“நல்லாயிடுச்சாம். நேத்துக் கடிதம் வந்தது.”

“யார் பெயருக்கு வந்தது?”

“‘அன்று வந்த சிஸ்டருக்கு’ன்னு போட்டிருந்தது சார்.”

“ஏன், உங்க பெயரை அவங்க கேட்கலையா?”

“கேட்டாங்க.”

“சொல்லலையா?”

அரசி யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது.

“அப்பத்தான் லைன் கிடைச்சது சார். மறந்துட்டேன்.”

மொகிதீன் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“நானும் அப்படித்தாம்மா” என்றார்.