அண்ணாச்சி முகத்துக்குக் கலர்

சல்லிசான கேமராவில் சினிமாக்காரர் மாதிரி 'ரா' வீடியோ, அதாவது கேமரா மெருகேற்றாத பச்சை வீடியோ, எடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க? முடியும் என்று பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றைப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தாள், கல்யாண ஸ்டுடியோவில் வேலை பழகும் மரகதவல்லி.

முதலாளி ஞானப்பழம் சிரித்தார். "எடுத்ததுல கையே வைக்காம, கஸ்டமர் முன்னாடி அப்படியே திரையில போடணும். நல்லா இல்லேன்னா வேலையை விட்டுப் போயிடணும்."

"சரி அண்ணாச்சி. உங்களையே எடுக்கேன்."

திரையில் அவர் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கல்யாண வீடியோ எடுக்கப் பேச வந்த மணப்பெண்ணின் அப்பா பதறிப்போய், "அண்ணாச்சிக்குக் காய்ச்சலா?" என்றார்.

"ஏதாவது செய்யி தாயி," என்று முணுமுணுத்தார் முதலாளி.

"ரா வீடியோ வெளிறித்தான் வரும். அப்புறம் கலர் ஏத்தினா ஜொலிக்கும். நீங்கதான் கை வைக்கக் கூடாதுன்னீங்க. நான் கிளம்பட்டுமா?"

"கிளம்புறதெல்லாம் கிடக்கட்டும். முதல்ல என் மூஞ்சிக்குக் கலர் ஏத்து தாயி."