பூதத்து வயித்துக்குள்ள போன குருவம்மா

ஒரு ஊர்ல ஒரு குருவம்மா. அவளுக்கு ஒரே ஒரு தங்கச்சி, மாடத்தி. ரெண்டு பேரும் காட்டுக்குப் பருத்தி எடுக்கப் போனாங்க. அப்போ அவங்க ஆட்டுக்குட்டி தொலைஞ்சு போச்சு. தேடிப் போன மாடத்தி ஒரு குகைக்குள்ள நுழைஞ்சா. அது குகையில்ல கண்ணு. படுத்துக் கிடந்த பூதத்தோட வாய்.

ம்... கேக்குறியா?

அப்புறம் குருவம்மா சோத்துத் தூக்கோட பின்னாலயே போனா. உள்ள சொதசொதன்னு ஈரம். இருட்டுல ஒரு குரல் மெதுவா, "சோறு இருக்கா?"ன்னு கேட்டுச்சு. ஒரு கவளம் போட்டா. நறுக், நறுக். சோறுங்கிறது, உத்துப் பாத்தா, சர்க்கரை மணிய நீளமாக் கோத்த மாலைதான் கண்ணு. யாரோ அதத் துண்டு துண்டா வெட்டுறாங்க, ஆளக் காணோம். காத்தே இனிச்சுது.

அப்புறம் இன்னும் உள்ள போனா. பெரிய பை மாதிரி இடம். புளிச்ச நெடி, கண்ணெல்லாம் எரியுது. "மீனு, கறி இருக்கா?"ன்னு வேற குரல். தூக்குல இருந்த கருவாட்ட வீசினா. புளிப்பு பட்டதும் அது சுருள் பிரிஞ்சு நூலு நூலாத் தொங்குச்சு. நறுக், நறுக். குனிஞ்சு பாத்தா, அவ கால்ல கிடந்த தோல் செருப்பயும் காணோம்.

அப்புறம் வளைஞ்சு வளைஞ்சு ஒரு குழாய். "இனிப்பு இருக்கா?" மடியில இருந்த கற்கண்டப் போட்டா. அது ரெண்டு ரெண்டு மணியா ஒட்டினது. ஒரே நறுக்கு. ஒத்த ஒத்த மணியானதும் சுவரு சுர்ர்ருன்னு உறிஞ்சிருச்சு.

அந்தச் சுவரோரம் மாடத்தி உக்காந்திருந்தா.

"ஆட்டுக்குட்டி எங்கடி?"

மாடத்தி சுவரக் காட்டினா.

அப்போ மூணு குரலும் சேந்து, "இனி நீங்கதான்"னுச்சு.

வேற என்ன செய்யன்னு தெரியாம, குருவம்மா கட்டியிருந்த பருத்திச் சேலைய அவுத்து, ரெண்டு பேரையும் தலையிலிருந்து கால் வரைக்கும் இறுக்கிச் சுத்தினா. நறுக். நறுக். வெட்டுப்படல.

"இந்தப் பருத்தி நூலும் சர்க்கரை மணிதானே"ன்னுச்சு ஒரு குரல்.

"ஆனா ஒண்ணு நிமிந்து, ஒண்ணு கவுந்து கோத்திருக்கு. நம்ம கத்திக்குப் பிடி கிடைக்காது. தள்ளிவிடு"ன்னுச்சு இன்னொண்ணு.

தள்ளுச்சு, தள்ளுச்சு, தள்ளிக்கிட்டே இருந்துச்சு. பொதுக்குன்னு வெயில்ல வந்து விழுந்தாங்க.

வீட்டுக்கு வந்து தங்கச்சி கையக் கழுவிவிட்டா அக்கா. விரல் நுனியில ரேகையே இல்ல. முட்டை மாதிரி வழவழன்னு இருந்துச்சு.

"என்னடி இது?"

"கொஞ்சம் ருசி பாத்துச்சுக்கா"ன்னா மாடத்தி.

அந்த ரேகை அப்புறம் வளரவே இல்ல.

ம் சொல்லலயே... சரி. கதை கரைஞ்சு போச்சு, கண்ண மூடிக்கோ.