வெயில் தின்னப் போன சிறுத்தை

ஓடைக்கரை மூங்கில் காட்டில் குறுவாலன் என்றொரு நரி இருந்தான். மனைவி செவத்தியும் குட்டிகளும் அவனோடு ஒரு வளையில் குடியிருந்தார்கள். அதே காட்டில் ஒரு சிறுத்தையும் இருந்தது. சிறுத்தை மான் அடிக்கும், வயிறு நிறையத் தின்னும், பிறகு ஓடையில் தண்ணீர் குடிக்கப் போகும். அந்த நேரம் பார்த்துக் குறுவாலன் போய் மிச்சத்தைக் கவ்விக்கொண்டு வீடு திரும்புவான். அவனுடைய பிழைப்பு இதுதான்.

மோசமான பிழைப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருநாள் சிறுத்தை விட்டுவைத்தது ஒரே ஒரு குளம்பு. அதைக் கொண்டுபோய்ப் போட்டபோது செவத்தி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. குட்டிகள் உருட்டி விளையாட இது ஆகும், சாப்பாடு எங்கே என்று கேட்டாள்.

குறுவாலன் வெளியே வந்து வெயிலில் படுத்துக் குளம்பை நக்கினான். நக்க நக்க யோசனை ஓடியது. இந்தக் குளம்பு மானுடையது. மான் புல் தின்று வளர்ந்தது. புல்லுக்கு யார் சோறு போடுகிறார்கள்? ஒருவருமில்லை. அது நின்ற இடத்தில் நிற்கிறது, வெயில் வந்து ஊட்டிவிட்டுப் போகிறது. ஆக, இந்தக் காட்டில் வந்து இறங்குகிற சாப்பாடு வெயில் ஒன்றுதான். முதல் பந்தியில் புல் உட்காருகிறது. இரண்டாவது பந்தி மானுக்கு. அந்த மான் தின்றதையெல்லாம் துள்ளியும் ஓடியும் காதை ஆட்டியும் பயந்து நடுங்கியும் செலவழித்துவிடுகிறது. உடம்பில் தங்கிய கொஞ்சத்தைத்தான் சிறுத்தை தின்கிறது. அதுவும் பாய்வதிலும் உறுமுவதிலும் பாதிக்கு மேல் தீர்த்துவிடுகிறது. கடைசிப் பந்தியில், வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது குறுவாலன்!

அதுவரைக்கும் அவன் யோசித்தது சரிதான். அதற்கு மேல்தான் புத்தி தடம் மாறியது. முன்பந்தியிலிருந்து சிறுத்தையை எழுப்பிவிட்டால் அந்த இடம் தனக்குத்தானே என்று நினைத்தான்.

சிறுத்தை அன்று பாறை நிழலில் படுத்திருந்தது. காலையில் ஒரு மானைத் துரத்தித் தவறவிட்டதில் பாதத்தில் முள் ஏறி வீங்கியிருந்தது. குறுவாலன் எட்டவே நின்று உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினான்.

"அண்ணாச்சி, நீங்க சாப்பிடுற மானுக்குள்ள என்ன இருக்கு?"

"கறி இருக்கு."

"கறிக்குள்ள?"

இப்படி ஒரு கேள்வியைச் சிறுத்தையிடம் யாரும் கேட்டதில்லை. அது வெகுநேரம் வாலைப் பார்த்தது. "புல்லு இருக்குமோ?" என்றது தயங்கி.

"புல்லுக்குள்ள வெயில். இத்தனை காலமா நீங்க தின்னது வெயிலைத்தான் அண்ணாச்சி. அதுவும் மான் மென்ன எச்சில் வெயில்."

சிறுத்தை முகம் சுளித்தது. குறுவாலன் விடவில்லை. பல் இல்லாத, நகம் இல்லாத புல்லே வெயிலை நேராக வாங்கித் தின்று பச்சைப்பசேல் என்று நிற்கும்போது, அண்ணாச்சி போன்ற பெரிய இடம் ஏன் கைமாறி வந்ததைத் தின்ன வேண்டும் என்று கேட்டான். மான் தின்று தீர்த்த மிச்சத்துக்கா முள்ளில் ஓடுவது என்று கேட்டான். சிறுத்தை தன் வீங்கிய பாதத்தைப் பார்த்தது. துரத்த வேண்டாத சாப்பாடு என்பது அதற்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலையிலேயே பாறை மேல் ஏறி, கிழக்கே பார்த்து வாயைத் திறந்துகொண்டு படுத்துவிட்டது. மெல்ல வேண்டுமா, அப்படியே விழுங்க வேண்டுமா என்று கேட்டது. புல் மெல்லுவதில்லையே என்றான் குறுவாலன். காலை வெயில் சீக்கிரம் செரிக்கும், உச்சி வெயில் கனம், நிதானமாக இறக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தான். ஒரு பக்கம் நிறைந்ததும் சிறுத்தை மறுபக்கம் திரும்பிப் படுத்தது. நடுவே ஒரு மேகம் வந்தபோது, இலையிலிருந்து யாரோ பிடுங்குவதுபோல் உறுமியது. வாய்க்குள் ஓர் ஈ நுழைந்தபோது அருவருத்துத் துப்பியது.

போகப் போக வயிறு கடமுடவென்று கத்தியது. பழைய மான்கள் வெளியேறுகிற சத்தம் என்று குறுவாலன் விளக்கினான். சிறுத்தை இளைத்தது. உடம்பு காற்றாய் மிதப்பதாக எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னது. மான்கள் பயம் தெளிந்து பாறையடிக்கே மேய வந்தன. ஒரு கிழட்டு மான், உடம்பில் பச்சை நிறம் தட்ட ஆரம்பித்துவிட்டதா என்று மரியாதையாக விசாரித்தது. சிறுத்தை தன் அடிவயிற்றைக் குனிந்து பார்த்து, லேசாகத் தெரிகிறது என்றது.

குறுவாலன் தன் புதுப் பந்தியில் உட்காரப் போனான். ஒரு கலைமானின் எதிரில் நின்று பல்லைக் காட்டினான். அது அவனை ஒருமுறை பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது. குட்டி மானையாவது பிடிப்போம் என்று பதுங்கினான். தாய் மான் விட்ட உதையில் உருண்டு ஓடைக்குள் விழுந்தான். தண்ணீரில் கிடந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. முன்பந்தியில் உட்கார்ந்திருந்தவரேதான் பின்பந்திக்குப் பரிமாறியும் வந்திருக்கிறார்.

போகட்டும், எலியும் முயலும் நண்டும் இருக்கின்றனவே என்று தேற்றிக்கொண்டான். ஆனால் சிறுத்தைக்குப் பயந்து ஒரு வாய் இங்கே, ஒரு வாய் அங்கே என்று ஓடி ஓடி மேய்ந்த மான்கள் இப்போது ஒரே இடத்தில் நின்று வேர் வரைக்கும் மேய்ந்தன. ஓடைக்கரை மொட்டையானது. முயல்கள் அக்கரைக்குப் போயின. ஒளிய இடமில்லாத எலிகளைப் பருந்து தூக்கியது. ஒரு மழை பெய்ததும் பிடிப்பில்லாத மண் வழிந்து நண்டு வளைகளை மூடியது. கடைசியில் மான்களுக்கே விலா எலும்பு தெரிந்தது. வெயில் மட்டும் எப்போதும்போல் தாராளமாகக் கொட்டியது. அதை வாங்கி வைக்கத்தான் புல் இல்லை.

வளைக்குள் குட்டிகள் மண் சுவரை நக்கின. இதெல்லாம் எப்படி ஆயிற்று என்று செவத்தி கேட்டாள். குறுவாலன் ஒளிக்காமல் சொன்னான். அவள் கத்தவில்லை. "பாறை மேல ஏத்தி விட்டது நீங்கதானே. நீங்களே போய் இறக்கிட்டு வாங்க" என்றாள்.

சிறுத்தை எலும்பும் தோலுமாய்க் கிடந்தது. தான் சொன்னதெல்லாம் பொய், பேராசையில் செய்த வேலை என்று குறுவாலன் காலில் விழுந்தான். சிறுத்தை அவனை இரக்கத்தோடு பார்த்தது.

"உனக்கு இன்னும் பக்குவம் வரலை தம்பி. எனக்கு இப்ப பசியே இல்லை. எழுந்து நிக்கத்தான் முடியலை."

சிறுத்தை செத்துக்கொண்டிருக்கிறது என்பது குறுவாலனுக்குத் தெரிந்துவிட்டது. நரிதானே, ஒரு கணம் வேறு கணக்கும் மனதில் ஓடியது. இது செத்தால் வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அப்புறம்? அப்புறம் ஒன்றுமே இல்லை. அவன் எழுந்து அக்கரைக்கு நீந்தினான்.

அங்கே புல் இருந்தது. புல்லடியில் ஒரு பெருச்சாளி வளை இருந்தது. பகல் முழுக்கத் தோண்டினான். மூக்கில் கடி வாங்கினான். ஒருவழியாகக் கொழுத்த பெருச்சாளி ஒன்று சிக்கியது. அவன் தன் பல்லால் இவ்வளவு பெரிதாக எதையும் பிடித்ததில்லை. அதைக் கவ்விக்கொண்டு தன் வளை வாசலைக் கடந்தபோது வாசனை பிடித்துக் குட்டிகள் அலறின. செவத்தி உடம்பால் வாசலை அடைத்துக்கொண்டு, போங்கள் என்று கண்ணைக் காட்டினாள். அவன் நிற்காமல் போனான்.

பாறை மேல் பெருச்சாளியைப் பார்த்ததும் சிறுத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பொய் சொல்லி ஏற்றியதை உண்மை சொல்லி இறக்க முடியாது என்பது குறுவாலனுக்கு அதற்குள் புரிந்திருந்தது.

"இதுவும் வெயில்தான் அண்ணாச்சி. புல்லுல காய்ச்சி, பெருச்சாளியில ஊத்தி இறுக வச்சது."

"இறுக வச்சதா? அப்ப மெல்லணுமோ?"

"மெல்லத்தான் வேணும்."

சிறுத்தை கண்ணை மூடிக்கொண்டு மென்றது. எலும்பு நொறுங்கியது. வாலைக்கூட மிச்சம் வைக்கவில்லை. இந்த மாதிரி இறுகின வெயில் இன்னும் எங்கே கிடைக்கும் என்று கேட்டது. குறுவாலன் பாறையடியில் படுத்திருந்த மான்களை மூக்கால் காட்டினான்.

சிறுத்தை தள்ளாடி இறங்கி வந்தது. ஒரு மானும் எழுந்திருக்கவில்லை. வேறு பக்கம் வெயில் நன்றாக இருக்கிறதுபோல, படுக்கை மாற்றுகிறது என்று நினைத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. முதல் பாய்ச்சலில் ஒரு மான் விழுந்தது. மற்றவை நாலா பக்கமும் தெறித்தன. அப்புறம் எந்த மானும் ஒரே இடத்தில் நின்று மேயவில்லை. அடுத்த மழைக்கு ஓடைக்கரையில் பச்சை எட்டிப் பார்த்தது.

அன்று விழுந்த மானைச் சிறுத்தை வயிறு நிறையத் தின்றது. "வெயில் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனது. செவத்தியும் குட்டிகளும் மீதியில் விழுந்து தின்றார்கள். எல்லோரும் எழுந்த பிறகு குறுவாலன் உட்கார்ந்து, கிடைத்ததை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் தின்றான்.

முன்பந்தியில் இருப்பவரை எழுப்பிவிட்டால் தன் பங்கு பெருகும் என்று நினைப்பவர், அந்தப் பங்கு யார் கைவழியாக வந்து சேருகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.