ஞாயிறு பத்து மணி

மாலை நேர பி.இ. வகுப்பில் ஒரு சங்கடம் உண்டு. பாடம் நடத்தும் மெர்சிக்கு இருபத்தொன்பது வயது. முன்வரிசையில் உட்காரும் சண்முகையா டிரான்ஸ்பார்மர் பழுது பார்க்கிறவர், நாற்பத்து நான்கு. அவர் மேடம் என்பார், அவள் சார் என்பாள். வெளியில் நின்று கேட்டால் யாருக்கு யார் பாடம் எடுக்கிறார்கள் என்றே தெரியாது.

சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் தேர்வில் எல்லாரும் எழுதிய சுலபமான கேள்வி ஒன்றை அவர் மட்டும் விட்டுவிட்டார். ஏறி இறங்கும் ஓர் அலையை, அது ஒரு சுற்று முடிக்கும் நேரத்துக்கு ஒரு தடவை மட்டும் அளந்தால் தாளில் என்ன வரும்? நேர்கோடு. அலை இருப்பதே தெரியாது. முந்தின வாரம் வகுப்பில் அவரே எழுந்து சொன்ன பதில்தான்.

லேபில் வைத்து ஏன் எழுதவில்லை என்று மெர்சி கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம் என்று பிறகு பட்டது.

அவருக்கு சங்கரன்கோவிலில் ஓர் அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்க வைத்தவர். லீவு போட்டு வந்து நிற்காதே, படிப்பைப் பார் என்று சொன்னவரும் அவர்தான். எட்டு மாதமாக ஞாயிறு காலை பத்து மணிக்குப் போனில் பேசுவார்கள். ஒவ்வொரு முறையும் அதே கணீர் குரல், அதே கிண்டல். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் இறந்துவிட்டார். அத்தனை மாதமும் டயாலிசிஸ் நடந்திருக்கிறது. சனிக்கிழமை செய்துகொண்டு வந்தால் ஞாயிறு காலை மட்டும் தெம்பாக எழுந்து உட்காருவாராம். பதினாறாம் நாள் காரியத்தில்தான் அண்ணி சொன்னார்.

"எனக்கு நேர்கோடுதான் வந்துச்சு மேடம். தப்பு எங்க?"

மெர்சி மேஜை விசிறியின் ஓர் இறக்கையில் சாக்பீஸால் கோடு போட்டுச் சுற்றவிட்டாள். அறை விளக்குகளை அணைத்தாள். விட்டுவிட்டு மின்னும் லேப் விளக்கைக் கையில் எடுத்து அதன் குமிழைத் திருகினாள். மின்னும் வேகமும் சுற்றும் வேகமும் ஒன்றானதும் சாக்பீஸ் கோடு அசையாமல் நின்றது.

"ஃபேன் சுத்துதா சார்?"

"நிக்குது."

"கிட்ட வாங்க."

போனார். முகத்தில் காற்று அடித்தது.

பிறகு, அந்த எட்டு மாதத்தில் ஒரு புதன்கிழமை அண்ணனைக் கூப்பிட்டதையும் அண்ணி போனை எடுத்ததையும் சொன்னார். அவர் தூங்குகிறார், ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள் என்று வைத்துவிட்டாராம். அண்ணன் பகலில் தூங்குகிற ஆளே இல்லை.

"ஞாயிறு பத்து மணின்னு முடிவு பண்ணது யாரு?"

"அண்ணன்தான். மத்த நாள்ல படிச்சுக்கோடான்னு சொல்லிட்டாரு."

மெர்சி முதல் முறையாக சார் என்பதை விட்டாள்.

"அப்ப லைட்டைக் கையில வச்சிருந்தது ஃபேன்தாண்ணே. நீங்க எப்படிப் பாத்திருக்க முடியும்?"

சண்முகையா அசையாத அந்த இறக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைக் காலர் படபடத்துக்கொண்டிருந்தது.

"அந்தப் புதன்கிழமை காத்து அடிச்சுதே மேடம்," என்றார்.